அழுகின கத்திரிக்காய்க்கு ஒரு சல்யூட்!

இந்த வாரம் ஒரு சின்ன கேள்வியோட ஆரம்பிக்கலாம். முடிவு என்னன்னு யாருக்குமே தெரியாத ஒரு எக்ஸ்பெரிமென்ட்டை உங்க காலேஜ் லேப்ல எப்பவாச்சும் செஞ்சிருக்கீங்களா? உங்களுக்குத் தெரியாம இருக்கலாம், அது வேற விஷயம். லேப் அசிஸ்டென்ட் அண்ணனுக்கும் தெரியாது, மேடத்துக்கும் தெரியாது, புக் எழுதினவருக்கும் தெரியாது... அப்படி ஒண்ணு?

நான் விசாரிச்ச வரைக்கும் ம்ஹூம்! ஜீனர் டையோடு கிராஃப் எப்படி வளையும்னு, டையோடைக் கையில தொடறதுக்கு முன்னாடியே எல்லாருக்கும் தெரியும். சீனியரோட ரெக்கார்டு நோட்டுல அழகா வளைஞ்சு உட்கார்ந்திருக்கும். அந்தப் படத்துக்குப் பக்கத்துல போய் நிக்கிற மாதிரி ரீடிங் எடுக்கிறதுதான் நம்ம வேலை. வரலைன்னா? ஏன் வரலைன்னு யாரும் கேக்க மாட்டாங்க. ஏதாவது ஒரு பேட்ச்சோட அப்சர்வேஷன் நோட்டு கைமாறும். சாயங்காலத்துக்குள்ள அறுபது பேருக்கும் ஒரே ரீடிங், ஒரே வளைவு. அப்படி ஒரு தேசிய ஒருமைப்பாடு!

சயின்ஸ் குரூப் மக்களும் இதுல நமக்குச் சளைச்சவங்க இல்லை. ஸ்கூல்ல என்கூடப் படிச்ச தோழி ஒருத்தி இப்போ பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி. ‘‘கிராம் ஸ்டெயினிங்னு ஒண்ணு செய்வோம். மேடம் எந்த பாக்டீரியாவைக் கொடுத்திருக்காங்கன்னு முன்னாடியே தெரியும். அது ஊதா கலர்ல வரணும்னும் தெரியும். பிங்க்கா வந்துட்டா, ஊதான்னு எழுதிட்டு வந்துட வேண்டியதுதான்’’னு சிரிக்கிறா. சிரிச்சுட்டு அவளே, ‘‘மூணு வருஷம் முடியப்போகுது. நானா ஒரு விஷயத்தைக் கண்டுபிடிச்சேன்னு சொல்லிக்க ஒண்ணுமே இல்லைடா’’ன்னா. அந்த இடத்துலதான் எனக்கு அமெரிக்காவுல இருக்குற ஒரு புரொபசர் ஞாபகம் வந்தார்.

பேரு கிரஹாம் ஹேட்ஃபுல். பிரிட்டன்காரர். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் 1988-ல் இருந்து பயாலஜி சொல்லித் தர்றவர். அவரோட ஆராய்ச்சி ஃபேஜ்கள் பற்றியது. ஃபேஜ்னா என்னன்னு கேட்கிற நம்ம கம்ப்யூட்டர் சயின்ஸ் மக்களுக்காக ஒரு வரி: வைரஸ் நமக்கு ஜலதோஷம் கொடுக்கிற மாதிரி, பாக்டீரியாவுக்கும் எமனா சில வைரஸ்கள் உண்டு. அதுதான் பாக்டீரியோஃபேஜ், செல்லமா ஃபேஜ். உலகத்துல மொத்தம் எத்தனை இருக்கும்னு ஒரு மதிப்பீடு சொல்றாங்க. 1 போட்டு பின்னால 31 பூஜ்யம்! உங்க ஹாஸ்டல் வாசல்ல ஒரு பிடி மண்ணை அள்ளினா அதுல கோடிக்கணக்குல இருக்கும். அதுல முக்கால்வாசியை மனுஷன் யாரும் பார்த்ததே கிடையாது.

ஹேட்ஃபுல் இதுல இறங்கினது காசநோயால. டி.பி. கிருமி மைக்கோபாக்டீரியம் குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தக் குடும்பத்தைத் தாக்குற ஃபேஜ்களைப் புரிஞ்சுக்கிட்டா, டி.பி.யை நோண்டிப் பார்க்க நல்ல கருவிகள் கிடைக்கும்னு அவருக்கு ஒரு கணக்கு. ஆனா ஒண்ணு ரெண்டு ஃபேஜ் பத்தாது, நூத்துக்கணக்குல வேணும். யார் போய்ப் பிடிச்சுட்டு வர்றது?

பசங்களை அனுப்பலாம்னு முடிவு பண்ணினார் மனுஷன். பிஎச்.டி. பசங்களை இல்லை. காலேஜ் பசங்களை, ஸ்கூல் பசங்களை!

2002-ல் ஹோவர்ட் ஹ்யூஸ் மருத்துவ நிறுவனம், ‘ஆராய்ச்சியில பெரிய கையா இருக்கிறவங்க பாடம் நடத்துறதுலயும் புதுசா ஏதாவது செய்யுங்க’ன்னு சில புரொபசர்களுக்குப் பணம் கொடுத்தது. அதில் ஹேட்ஃபுல்லும் ஒருத்தர். ஃபேஜ் வேட்டையை அவர் பாடமாவே மாத்தினார். 2006-ல் 30 ஃபேஜ்களின் முழு ஜீனோமை அலசி ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை வந்தது. அதை எழுதினவங்க பட்டியல்ல ஸ்கூல் பசங்க பேரும் இருந்தது. 2008-ல் இதே வேட்டை ‘சீ-ஃபேஜஸ்’ங்கிற பேர்ல மற்ற கல்லூரிகளுக்கும் போச்சு. ஃபர்ஸ்ட் இயர் மாணவர்களுக்கான லேப் பேப்பரே அதுதான். இன்னிக்கு நூத்துக்கும் மேற்பட்ட கல்லூரிகள்ல வருஷா வருஷம் ஆயிரக்கணக்கான பேர் மண்ணைத் தோண்டிட்டு இருக்காங்க.

சரி, அந்த லேப்ல என்ன நடக்கும்? கொஞ்சம் விலாவாரியாவே சொல்றேன், ஏன்னா சுவாரஸ்யமே அங்கதான்.

முதல் நாள் கையில ஒரு டியூபைக் கொடுத்து, ‘போய் மண்ணு எடுத்துட்டு வா’ன்னு அனுப்பிடுவாங்க. எங்க வேணும்னாலும் எடுக்கலாம். வீட்டுத் தோட்டம், குப்பை மேடு, வாத்துக் குளத்தங்கரை. எடுத்த இடத்தோட ஜி.பி.எஸ். புள்ளியைக் குறிச்சுக்கணும். அந்த மண்ணைக் கரைச்சு, 0.22 மைக்ரான் ஓட்டை உள்ள ஃபில்டர்ல வடிகட்டுவாங்க. பாக்டீரியா எல்லாம் மேல மாட்டிக்கும், ஃபேஜ் மட்டும் கீழ இறங்கிடும். வடிச்ச தண்ணியை ஸ்மெக்மாடிஸ்னு ஒரு பாக்டீரியாவோட கலந்து பெட்ரி டிஷ்ல ஊத்துவாங்க. இந்த ஸ்மெக்மாடிஸ், டி.பி. கிருமிக்குத் தூரத்துச் சொந்தம். ஆனா பெரியப்பா மாதிரி முரடு கிடையாது, பரம சாது. வேகமாவும் வளரும். டி.பி. கிருமி ஒரு தடவை ரெண்டாப் பெருக ஏறக்குறைய ஒரு நாள் எடுத்துக்கும். இது சில மணி நேரத்துல முடிச்சுடும். இல்லைன்னா செமஸ்டர் முடிஞ்சாலும் ரிசல்ட் வராதே!

ஒண்ணு ரெண்டு நாள் கழிச்சுத் திறந்து பார்த்தா, தட்டு முழுக்க இட்லி மாவு தடவின மாதிரி பாக்டீரியா படர்ந்திருக்கும். நடுவுல எங்கயாச்சும் குட்டியா, தெளிவா ஒரு வட்டம் தெரிஞ்சா, அடிச்சது லக்கு! அந்த இடத்துல பாக்டீரியா செத்துப் போயிருக்கு. கொன்னது ஃபேஜ். அதை ஒரு குச்சி நுனியில தொட்டு எடுத்து, திரும்பத் திரும்ப வளர்த்து, ஒரே ஒரு வகை மட்டும் இருக்குன்னு உறுதி செய்யணும். அப்புறம் டி.என்.ஏ. பிரிக்கிறது, எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்புல போட்டோ எடுக்கிறது. நிறைய ஃபேஜுக்குத் தலையும் வாலுமா பார்க்க ராக்கெட் மாதிரி ஒரு கெட்டப்.

அடுத்த செமஸ்டர் நம்ம ஏரியா, கம்ப்யூட்டர். சீக்வென்ஸ் ஆகி வந்த டி.என்.ஏ.வுல எந்த இடத்துல எந்த ஜீன் ஆரம்பிக்குதுன்னு சாஃப்ட்வேர் ஒரு கணிப்பு சொல்லும். அது தப்பாவும் சொல்லும். ஒவ்வொரு ஜீனா உட்கார்ந்து, ‘இது இங்கதான் ஆரம்பிக்குது, காரணம் இது’ன்னு மாணவர் வாதாடி முடிவு செய்யணும். பெரும்பாலான ஜீன்களுக்கு என்ன வேலைன்னு உலகத்துல யாருக்குமே தெரியாது. கூகுள்ல இல்லை, சாட்ஜிபிடி-கிட்டயும் இல்லை. பக்கத்து பெஞ்ச்ல காப்பி அடிக்கவும் வழியில்லை. அவனோட ஃபேஜ் வேற, உன்னோட ஃபேஜ் வேற!

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச சமாச்சாரம், கண்டுபிடிச்சவர்தான் பேர் வைப்பார்ங்கிறது. சில பேரைக் கேளுங்க: ரோஸ்புஷ், ட்வீட்டி, பட்டர்ஸ்காட்ச், வைல்டுகேட், ஃப்ரூட்லூப், கார்ன்டாக். எல்லாமே சீரியஸான ஆராய்ச்சி இதழ்கள்ல அச்சான பேர்கள். பேர் வைக்கிறது சும்மா ஜாலிக்குன்னு நினைச்சா அது பாதிதான். பேர் வெச்சுட்டா அது ‘என்னோடது’. என்னோடது செத்துடக் கூடாதுன்னு ஞாயித்துக்கிழமைகூட லேபுக்கு ஓடத் தோணும். நம்மளை எந்த ஜீனர் டையோடு அப்படி ஓட வெச்சிருக்கு?

இப்போ புரொபசர் பக்கத்துல இருந்து பார்ப்போம். ஒரு ஆராய்ச்சியாளர் தன்னோட லேப்ல எத்தனை யு.ஜி. மாணவர்களைச் சேர்த்துக்க முடியும்? நாலு? அஞ்சு? அதுவும் யாருக்கு அந்த சான்ஸ் போகும்? ஜி.பி.ஏ. ஒன்பதைத் தொட்டவங்களுக்கு. புரொபசர் ரூம் கதவைத் தட்டுற தைரியம் உள்ளவங்களுக்கு. ‘இன்டர்ன்ஷிப்’னு ஒண்ணு இருக்குன்னு வீட்டுல சொல்லித் தர ஆள் உள்ளவங்களுக்கு. கடைசி பெஞ்ச் மாணவரும், பஸ் புடிச்சு ரெண்டு மணி நேரம் பயணம் பண்ணி வர்ற மாணவியும் அந்த லிஸ்ட்லயே வர மாட்டாங்க.

ஹேட்ஃபுல் பண்ணின மாற்றம் அங்கதான். ஆராய்ச்சிக்கு ஏத்த மாணவரைத் தேடுறதை விட்டுட்டு, எந்த மாணவருக்கும் ஏத்த ஆராய்ச்சியைத் தேடினார். உள்ளே நுழைய முன்னறிவு தேவைப்படக் கூடாது. செய்முறை எளிமையா இருக்கணும். எல்லாரும் ஒரே முறையைச் செய்யணும், ஆனா ஒவ்வொருத்தருக்கும் வேற வேற விடை வரணும். எஞ்சினீயரிங் பாஷையில சொன்னா பக்கா பேரலல் ப்ராசஸிங். அப்புறம், பாதி வழியில நின்னாலும் கையில ஏதோ ஒண்ணு மிஞ்சணும். ஃபேஜ் பிடிச்சது ஒரு வெற்றி, போட்டோ எடுத்தது ஒரு வெற்றி, பேர் வெச்சது ஒரு வெற்றி, ஜீனோம் வந்தா ஜாக்பாட். முதல் மண்ணுல ஒண்ணுமே வரலையா? அது ஃபெயில் இல்லை. வேற மண்ணு எடுத்துட்டு வா, அவ்ளோதான். போன வருஷம் வேட்டையாடின சீனியர் இந்த வருஷம் ஜூனியருக்குச் சொல்லித் தருவார். அதனால புரொபசர் ஒருத்தரே எல்லா டேபிளுக்கும் ஓட வேண்டியதில்லை.

ஆனா வாத்தியாருக்கு இதுல ஒரு விலை இருக்கு, அதை யாரும் சொல்றதில்லை. ‘சார், இது என்ன?’ன்னு மாணவர் கேட்டா, ‘எனக்கும் தெரியலைப்பா, கண்டுபிடிச்சுட்டு வந்து சொல்லு’ன்னு சொல்ற மனசு வேணும். வகுப்புக்கு முன்னாடி தெரியாதுன்னு சொல்றதுக்கு நம்ம ஊர்ல எத்தனை பேர் ரெடி? நம்மகிட்ட பற்றாக்குறை மைக்ராஸ்கோப்புல இல்லை, இந்த ஒரு வார்த்தையிலதான்னு எனக்குத் தோணுது. சீனியர் லெக்சரர்கள் மன்னிக்க!

கேலி பேசினவங்களும் உண்டு. 2015-ல் 627 ஃபேஜ்களை ஒப்பிட்டு ‘ஈலைஃப்’ இதழ்ல ஒரு கட்டுரை வந்தப்போ, அதன் ஆசிரியர் பட்டியல்ல 2,500-க்கும் மேல இளங்கலை மாணவர்கள். அதே வருஷம் செயின்ட் லூயிஸ் நகரத்து பயாலஜி பேராசிரியை சாரா எல்ஜின் ஒருங்கிணைச்ச பழ ஈ ஜீனோம் கட்டுரையில ஆயிரத்துக்கும் மேற்பட்ட பேர்கள். ‘இது ஆத்தர் லிஸ்ட்டா, அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டரா?’ங்கிற ரேஞ்சுக்கு விவாதம் ஓடிச்சு. நியாயமான கேள்விதான். ஒவ்வொருத்தரும் செஞ்சது கடுகளவு. ஆனா அந்தக் கடுகை வேற யாரும் தாளிக்கலையே பாஸ்!

இனி கத்திரிக்காய் கதை.

2010. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரம். நம்மாளுங்க தலைமுறை தலைமுறையா வாழ்ற அதே டர்பன்தான். குவாசுலு-நட்டால் பல்கலைக்கழக மாணவி ஒருத்தர் ஃபேஜ் வேட்டைக்காகக் கிளம்பி, அழுகிக் கிடந்த ஒரு கத்திரிக்காயோட அடிப்பக்கத்துல இருந்து சாம்பிள் எடுத்தார். ஃபேஜ் கிடைச்சது. சேறும் சகதியுமா இருந்ததாலோ என்னவோ, ‘மடி’ன்னு பேர் வெச்சார். ஆங்கிலத்துல ‘சேத்துப்பய’ன்னு வெச்சுக்கோங்களேன். ஜீனோம் படிச்சாங்க, பிட்ஸ்பர்க் ஃப்ரீஸர்ல வெச்சாங்க. ஆயிரக்கணக்கான டியூபுல அதுவும் ஒண்ணு.

கத்திரிக்காய் முத்தினா கடைத்தெருவுக்கு வரும்னுதான் நமக்குத் தெரியும். அழுகின கத்திரிக்காய் லண்டன் வரைக்கும் போச்சு!

2017 கடைசியில லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனையில இருந்து ஹேட்ஃபுல்லுக்குத் தகவல் வந்தது. சிஸ்டிக் ஃபைப்ரோஸிஸ்ங்கிற பிறவி நுரையீரல் நோயோட ரெண்டு டீன் ஏஜ் நோயாளிகள். நுரையீரல் மாற்று ஆபரேஷன் முடிஞ்ச நிலையில, மைக்கோபாக்டீரியம் அப்செஸஸ்ங்கிற கிருமி உடம்பு முழுக்கப் பரவிடுச்சு. எந்த ஆன்டிபயாட்டிக்கும் கேட்கலை. ‘உங்க ஃபேஜ் ஏதாவது இந்தக் கிருமியைக் கொல்லுமா?’ன்னு கேட்டாங்க. ஹேட்ஃபுல் குழு ஃப்ரீஸரைத் திறந்து தேட ஆரம்பிச்சது. ஒரு நோயாளியின் கிருமிக்குச் சரியான ஃபேஜ் அமையவே இல்லை, அவர் இறந்துட்டார். 15 வயசுப் பொண்ணான இன்னொருத்தரோட கிருமியை ஒண்ணு நல்லாவே கொன்னது. நம்ம ‘மடி’!

ஒண்ணு மட்டும் கொடுத்தா கிருமி தப்பிச்சுடும்னு, ‘பி.பி.எஸ்’, ‘ஸோயிஜே’ன்னு இன்னும் ரெண்டு ஃபேஜைச் சேர்த்தாங்க. அந்த ரெண்டுக்கும் ஒரு கெட்ட பழக்கம், பாக்டீரியாவைக் கொல்லாம உள்ள புகுந்து தூங்கிடும். தூங்க வைக்கிற ஜீனை வெட்டி எடுத்து ரெண்டையும் முழுநேரக் கொலைகாரனா மாத்தினாங்க. 2018 ஜூன்ல அந்தப் பொண்ணுக்கு ரத்தத்துல ஏத்த ஆரம்பிச்சாங்க, தினம் ரெண்டு வேளை. சில மாசத்துல ஆபரேஷன் காயம் ஆறிச்சு, ஈரல் செயல்பாடு தேறிச்சு. 2019 மே மாசம் ‘நேச்சர் மெடிசின்’ இதழ்ல விவரம் வெளியாச்சு. மரபணு மாத்தின ஃபேஜை மனுஷ உடம்புல சிகிச்சையா கொடுத்தது அதுதான் முதல் முறை.

உடனே ‘ஆன்டிபயாட்டிக்குக்கு குட்பை’ன்னு யாரும் ஸ்டேட்டஸ் போட வேண்டாம். இந்த மாதிரி கிருமிகளால வேற வழியில்லாம தவிச்ச 20 பேருக்கு ஃபேஜ் கொடுத்துப் பார்த்த முடிவுகள் 2022-ல் வந்தது. 11 பேர்கிட்ட நல்ல பலன் தெரிஞ்சது. மீதிப் பேர்கிட்ட பலன் தெளிவா இல்லை. ஒருத்தர் கிருமியைக் கொல்ற ஃபேஜ் இன்னொருத்தர் கிருமியைச் சீண்டாது. அதனாலதான் ஃப்ரீஸர் நிறைய விதவிதமான ஃபேஜ் தேவைப்படுது. அதனாலதான் ஆயிரம் பசங்க ஆயிரம் இடத்துல தோண்டினதுக்கு அர்த்தமே வருது. டர்பன்ல அந்த மாணவி டியூபை மூடினப்போ லண்டன் பொண்ணுக்கு ஏழெட்டு வயசுதான் இருந்திருக்கும். யாருக்காகத் தேடுறோம்னு தெரியாமலே தேடி வெச்ச மருந்து அது.

எனக்குப் புல்லரிச்ச இடம் இன்னொண்ணு இருக்கு. மேல சொன்ன ரெண்டு ஃபேஜோட ஜீனை வெட்டினாங்கன்னு சொன்னேன்ல, அந்த வெட்டுற டெக்னிக்குக்குத் தேவையான ரெண்டு ஜீன் வேற ஒரு ஃபேஜ்ல இருந்து வந்தது. அந்த ஃபேஜ் பேரு ‘செ9சி’. ‘செ’ன்னா? சென்னை! ஆமாங்க, நம்ம சென்னையில கண்டெடுத்த ஃபேஜ். 2003-ல் ‘செல்’ இதழ்ல ஹேட்ஃபுல் குழு வெளியிட்ட ஜீனோம் பட்டியல்ல ‘செ8’, ‘செ9சி’, ‘செ9டி’ன்னு மூணு சென்னைக்காரங்க இருக்காங்க. ‘செ9சி’யோட அந்த ரெண்டு ஜீனை வெச்சு டி.பி. கிருமியோட டி.என்.ஏ.வையே எடிட் பண்ற முறையை 2007-ல் வெளியிட்டாங்க. கூவம் நாறுது, குப்பை நாறுதுன்னு மூக்கைப் பொத்திக்கிட்டுப் போற ஊர்தானே இது. அந்த மண்ணுக்குள்ளதான் உலகத்துக்குத் தேவையான கத்திரிக்கோல் இருந்திருக்கு.

இதை என் மைக்ரோபயாலஜி தோழிகிட்ட சொன்னப்போ அவ கண்ணு விரிஞ்சது. அடுத்த நிமிஷமே சுருங்கிடுச்சு. ‘‘எங்க காலேஜ்ல சீக்வென்ஸிங் மெஷின் இருக்காடா? எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பை நான் படத்துலதான் பார்த்திருக்கேன்.’’ உண்மைதான். அமெரிக்காவுல அவங்களுக்குப் பின்னால பணக்கார நிறுவனம் ஒண்ணு நிக்குது. ஆனா உட்கார்ந்து லிஸ்ட் போட்டுப் பார்த்தோம். பெட்ரி டிஷ், அகார், இன்குபேட்டர், ஆட்டோகிளேவ், சென்ட்ரிஃபியூஜ் எல்லாம் அவங்க லேப்ல ஏற்கெனவே இருக்கு. ஃபில்டர் மட்டும் வாங்கணும். பிட்ஸ்பர்க் ரேஞ்சுக்குப் போகாட்டியும், தட்டுல அந்தத் தெளிவான வட்டத்தைப் பார்க்கிற வரைக்கும் வந்துடலாம். வட்டம் பெருசா சின்னதா, ஓரம் மங்கலா பளிச்சா, எந்த மண்ணுல அதிகம், மழைக்கு முன்னாடி எப்படி, பின்னாடி எப்படி... இதுக்கே யார்கிட்டயும் ரெடிமேட் விடை கிடையாது. ஒரு முக்கியமான விஷயம்: இதை எல்லாம் லேப்ல, மேடம் பக்கத்துல இருக்கும்போது, ஆபத்தில்லாத பாக்டீரியாவை வெச்சுத்தான் செய்யணும். ஹாஸ்டல் ரூம்ல குக்கரை வெச்சு ஆரம்பிச்சுடாதீங்க மக்களே!

அவளும் அவ கிளாஸ்ல எட்டுப் பேரும் சேர்ந்து ஹெச்.ஓ.டி.க்கு லெட்டர் எழுதிட்டாங்க. ஹெச்.ஓ.டி. மேடம் கேட்ட முதல் கேள்வி, ‘‘ஒண்ணும் வரலைன்னா இன்டர்னல் மார்க் எப்படிப் போடுறது?’’ இவங்க யோசிச்சு வெச்ச பதில்: ‘‘வட்டத்துக்கு மார்க் போடாதீங்க மேடம், நோட்டுக்குப் போடுங்க. என்ன செஞ்சோம், என்ன ஆச்சு, ஏன் வரலைன்னு நினைக்கிறோம், அடுத்து என்ன மாத்துறோம். உள்ளது உள்ளபடி எழுதியிருந்தா மார்க்.’’ மேடம் லெட்டரை வாங்கி வெச்சிருக்காங்க. நான் இதை எழுதுற வரைக்கும் கையெழுத்து ஆகலை.

ஆனா இவங்களுக்குள்ள எந்த இடத்து மண்ணுன்னு இப்பவே அடிதடி. கேன்டீன் பின்பக்கம் காய்கறிக் கழிவு கொட்டுற இடம்தான் பெஸ்ட்னு ஒரு கோஷ்டி, ஹாஸ்டல் மாமரத்தடின்னு இன்னொரு கோஷ்டி. பேர் மட்டும் என் தோழி ரெடியா வெச்சிருக்கா: ‘மெஸ் சாம்பார்’.